சாமானைக் கவுத்துப் பாரு, தாயி

வா தாயி, உக்காரு. அந்த பர்மாத் தேக்கு நாற்காலியில இல்லை. அதுக்கு மெட்ராஸ் பார்ட்டி அட்வான்ஸ் குடுத்திருக்கு. இந்த முக்காலியில உக்காரு. இதை எவனும் விலை கேக்க மாட்டான்.

சேதியெல்லாம் வந்துருச்சு. உங்கம்மா முனீஸ்வரன் கோயில் தெரு பூரா சொல்லிக்கிட்டே வந்தா. பிள்ளை நல்ல மார்க்கு, என்ஜினியரிங்தான் போகுது, அதுவும் சும்மா என்ஜினியரிங் இல்லை, 'பயோ' என்ஜினியரிங். "பாதி டாக்டரு, பாதி என்ஜினியரு"ன்னா. நான் வாயைப் பொத்திக்கிட்டேன். பாதி டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்குவியா, பாதி என்ஜினியர் கட்டுன பாலத்துல நடப்பியான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. கேட்டிருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. அப்புறம் தீவாளிக்கு மாவுருண்டை நம்ம வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காது.

நீட்டுல கொஞ்சம் சறுக்கிருச்சு. அதுனால என்ன, ஊருல பாதிப் பிள்ளைகளுக்கு அதேதான். ஆனா ஒண்ணு. டாக்டர் சீட்டு கிடைக்கலை, ஆஸ்பத்திரி வாடையாவது அடிக்கட்டும்னு இந்தப் படிப்பைப் பிடிக்கிறியா, இல்லை மனசார ஆசைப்பட்டுத்தான் பிடிக்கிறியா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கம்மாவுக்கும் சொல்ல வேண்டாம். உனக்கே விடை தெரியாமப் போனா, நாலு வருசம் கழிச்சு நீயே நம்ம கடையில சாம்பிராணி போட்டுக்கிட்டு இருப்ப, அதான் பயம்.

இந்தப் படிப்புல ஒரு கூத்து இருக்கு, கவனிச்சியா? கவுன்சலிங் கட்-ஆஃப் மொத்தம் 200. கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. பயாலஜிக்கு? ஒண்ணும் கிடையாது. உயிரைப் பத்திப் படிக்கப் போற பிள்ளையோட உயிரியல் மார்க்கைக் கேக்க நாதி இல்லை. ரெண்டு பேரு சரிசமமா வந்து நின்னா முதல்ல கணக்கைப் பாப்பாங்க, அடுத்து பிசிக்ஸைப் பாப்பாங்க, அப்பயும் தீரலைன்னாத்தான் நாலாவது பாடத்தை எட்டிப் பாப்பாங்க. நீ ராக்கண் முழிச்சு மனப்பாடம் பண்ணுன மைட்டோகாண்ட்ரியாவுக்கு அவ்வளவுதான் மரியாதை. அநியாயம்னு கத்தாத, உள்ள ஒரு நியாயமும் இருக்கு. பேருலதான் பயோ, வயித்துக்குள்ள பூரா கணக்கு. கணக்கைக் கண்டா காய்ச்சல் வர்ற ஆளு இதுல காலை வைக்கக் கூடாதுன்னு அவங்க வாசல்லயே சொல்லிப்புடுறாங்க.

அடுத்து, எந்த பயோ? அதைக் கேட்டா நீ முழிக்கிற. பயோமெடிக்கல், பயோடெக்னாலஜி, மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ், ஃபார்மசூட்டிக்கல் டெக்னாலஜின்னு நாலஞ்சு பேரு கிடக்கு. எல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைகன்னு நினைச்சுக்கிட்டு வரிசையா டிக் அடிக்காத. பயோமெடிக்கல்னா ஈ.சி.ஜி., வென்டிலேட்டர், டயாலிசிஸ், ஸ்கேன்னு மெஷின் பக்கம். அங்க போனா சர்க்யூட்டு, சிக்னலு, சென்சாரு. தவளையை அறுக்கலாம்னு ஆசையாப் போன பிள்ளை சால்டரிங் ராடைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பயோடெக்குன்னா செல்லு, நொதி, தடுப்பூசி, ஃபெர்மெண்டர். அங்க பொறுமை வேணும். இன்னைக்குத் தட்டுல பூசிவிட்ட பாக்டீரியா நாளைக்குத்தான் முளைக்கும், அதுவும் அதுக்குப் பிடிச்சாத்தான். மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ் பயோமெடிக்கலுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. 'பயோ என்ஜினியரிங்'னே பேரு வச்சுக் குடுக்குற இடமும் இருக்கு. பாடத்திட்டத்தை வாங்கிப் பாக்காம பேரை மட்டும் பாத்து முடிவு பண்ணுனா, போய்ச் சேந்த அப்புறம்தான் எந்த வீட்டுக்கு வாக்கப்பட்டோம்னு தெரியும்.

இந்தப் படிப்பு எதுக்கு ஆகும்னு என்கிட்டயே கேக்குறியா? என் வலது கண்ணைப் பாரு. நல்லா கிட்ட வந்து பாரு, உள்ள ஒரு பொட்டு மினுக்குதா? அது நான் பொறந்தப்ப வந்தது இல்லை, மதுரையில வச்ச லென்ஸு. லண்டன்ல ஹரோல்டு ரிட்லின்னு ஒரு கண் டாக்டரு. ரெண்டாம் உலகப் போர்ல சண்டை விமானம் ஓட்டுனவங்க கண்ணுக்குள்ள, விமானத்து மூடி உடைஞ்சு பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லு பாஞ்சிருந்துச்சு. கண்ணு அதைப் பகையா நினைக்கலை. சீழ் வைக்கலை, அது பாட்டுக்குக் கிடந்துச்சு. அப்ப அந்தப் பிளாஸ்டிக்குலயே லென்ஸ் செஞ்சு உள்ள வச்சா என்னன்னு மனுசன் 1949-ல வச்சே புட்டாரு. அந்தக் காலத்துப் பெரிய பெரிய டாக்டருங்க அவரை ஏறி மிதிச்சாங்க. இன்னைக்கு உலகம் பூரா அந்த வழிதான்.

சரி, லண்டன் கதை நமக்கெதுக்கு? 1976-ல மதுரையில டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்குனாரு. லென்ஸு சீமையில இருந்து வரணும். ஒண்ணு நூறு டாலர் பக்கம். மானாவாரிக்காரன் எங்க போவான் நூறு டாலருக்கு? 1992-ல ஆரோலேப்னு மதுரையிலயே ஒரு பட்டறையைப் போட்டு, பத்து டாலர் அளவுக்கு விலையை இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க. அந்த லென்ஸைச் செய்யுறவனுக்குப் பிளாஸ்டிக் தெரியணும், மயிரிழை பிசகாம கடையுற மெஷின் தெரியணும், ஒளி எப்படி வளையும்னு தெரியணும், ஒரு கிருமி ஒட்டாம பொட்டலம் கட்டத் தெரியணும், கடைசியா கண்ணைப் பத்தியும் தெரியணும். நீ படிக்கணும்னு சொல்றது இதைத்தான். இங்க இருந்து ரெண்டு மணி நேர பஸ்ஸு. அதை விட்டுட்டு உங்கப்பன், பயோ என்ஜினியரிங்னா அமெரிக்காவுலதான் வேலைங்கிறான்.

இன்னொண்ணு சொல்றேன். திருவனந்தபுரத்துல ஸ்ரீசித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரி. டாக்டர் எம்.எஸ். வலியத்தான்னு இதய அறுவை நிபுணரு. இதயத்துக்கு வால்வு வெளிநாட்டுல இருந்து வருது, விலை நம்ம சனத்துக்குத் தாங்கலை, நாமளே செய்வோம்னாரு. உலோகம் தெரிஞ்சவன், பிளாஸ்டிக் தெரிஞ்சவன், மிருக வைத்தியம் தெரிஞ்சவன் எல்லாரையும் கூட்டி வச்சாரு. பூஜப்புரையில இருந்த பழைய ராஜா வீட்டு அரண்மனைதான் பட்டறை. முதல்ல செஞ்ச மாதிரிக ஒண்ணொண்ணாத் தோத்துச்சு. ஆட்டுக்கு வச்சுப் பாத்தாங்க, உடைஞ்சுச்சு, திரும்பச் செஞ்சாங்க. கடைசியா, சாய்ஞ்சு சாய்ஞ்சு திறக்குற நடுத்தட்டைப் பிளாஸ்டிக்குல செஞ்சாங்க, நின்னுச்சு. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் ஆளுக்கு வச்சாங்க. இது வரைக்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல டிக்கு டிக்குன்னு அடிக்கிற அந்தச் சித்ரா வால்வை நெஞ்சுக்குள்ள வச்சிருக்காங்க.

இதை எதுக்குச் சொல்றேன்? ஆஸ்பத்திரியும் பட்டறையும் ஒரே ஊருல, ஒரே நிறுவனத்துக்குள்ள இருந்துச்சு. நீ போற காலேஜுக்குப் பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கா? இருந்தா அதுக்குள்ள உன்னை விடுவாங்களா? வருசத்துல எத்தனை நாளு? "டை-அப் இருக்கு சார்"னு சொல்லுவாங்க. டை-அப்புன்னா ரெண்டு கோட்டு போட்ட ஆளுக கைகுலுக்குன போட்டோ. போட்டோவுக்குள்ள நீ போய் வென்டிலேட்டரைக் கழட்ட முடியாது.

இப்ப என் தொழிலுக்கு வர்றேன். இந்தக் கடையில பாதி நெசமாவே பழசு. மீதி, வாங்குறவன் பழசுன்னு நம்புறது. உன்கிட்ட மறைப்பானேன். புதுப் பித்தளையைப் புளியும் மண்ணும் சேத்துப் புதைச்சு வச்சா ஆறு மாசத்துல அது பாட்டன் காலத்துச் சொம்பு. படத்துக்கு டீத்தண்ணி விட்டா ரவிவர்மா காலத்து மஞ்சள் வந்துரும். வெளியூர்க்காரன் வந்து முகப்பைப் பாப்பான், பளபளப்பைப் பாப்பான், விலையைக் கேப்பான். ஊருக்காரன் வந்தான்னா எதுவும் பேச மாட்டான், சாமானைத் தூக்கிக் கவுத்து அடியைப் பாப்பான். அடியில பத்தவச்ச ஈயம் காட்டிக் குடுத்துரும். காலேஜும் இந்தக் கடையும் ஒண்ணுதான் தாயி. விக்கிறவன் புத்தி எனக்குத் தெரியும்.

என் தங்கச்சி பேரனுக்காக ஒரு காலேஜுக்குப் போனேன். எந்த ஊரு, என்ன பேருன்னு கேக்காத. வாசல்லயே ஆத்தங்குடிக் கல்லு பதிச்சு, குளு குளுன்னு ஹாலு. ஒரு பொண்ணு ரோஸ்மில்க் குடுத்துச்சு. ஒரு தம்பி டை கட்டிக்கிட்டு லேபைச் சுத்திக் காட்டுனான். ஃபெர்மெண்டர் இருந்துச்சு, அழகா பிளாஸ்டிக் உறை போட்டு. உறையைத் தொட்டேன், விரலு சாம்பலாச்சு. "பிளக்கு எங்க தம்பி?"ன்னேன். அவன் சுத்திப் பாத்தான், நானும் சுத்திப் பாத்தேன். பக்கத்துல ஒரு நோட்டு நூல்ல கட்டித் தொங்குச்சு. மெஷினை யாரு, எந்தத் தேதியில, எதுக்கு ஓட்டுனான்னு எழுதுற நோட்டு. அவன் என் பேரனுக்குக் கேன்டீன் மெனுவை விளக்கிக்கிட்டு இருந்தான், நான் நோட்டைப் புரட்டுனேன். எட்டு மாசத்துப் பதிவு, ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே உக்காருல எழுதுனது. எனக்கு ஒரே சிரிப்பு. தொழில்காரன் தொழில்காரனைக் கண்டுக்கிட்டேன். "நல்ல கையெழுத்து தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதுனால நீ போற இடத்துல அந்த நோட்டைக் கேளு. குடுக்க யோசிச்சா, ரோஸ்மில்க்கைக் குடிச்சுட்டுக் கிளம்பு. ஆட்டோக்ளேவ் கைப்பிடி தேஞ்சிருக்கா பாரு. பிப்பெட்டு டப்பா பாதி காலியா இருக்கா பாரு. பழசாகிக் கறை பட்டுக் கிடக்குற லேபுதான் நல்ல லேபு. அங்க பிள்ளைக வேலை பாத்திருக்குதுக. மூணாவது வருசம் படிக்கிற பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு, "நீயே கையால இந்த மெஷினை ஓட்டிருக்கியா, இல்லை மேடம் ஓட்டுனதை இருபது பேரு எட்டி நின்னு பாத்தீங்களா?"ன்னு கேளு. அந்தப் பிள்ளை பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பாக்கும் பாரு, அதுலயே விடை இருக்கு.

அப்புறம் அந்த ஃபிளெக்ஸு போர்டு. திருச்சி ரோடு பூரா வச்சிருக்கான். 'நாக்'ல ஏ பிளஸ் பிளஸ்னு போட்டிருப்பான். நாக்குங்கிறது காலேஜ் மொத்தத்துக்கும் குடுக்குறது. தோட்டம், நூலகம், ஆபீஸு எல்லாம் சேத்து. என்.பி.ஏ.ங்கிறதுதான் ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியாப் பாத்துக் குடுக்குறது. சிவிலுக்கு வாங்கிட்டு பயோமெடிக்கல் போர்டுல மாட்டுற கெட்டிக்காரங்க இருக்காங்க. "இந்தப் பிரிவுக்கு இருக்கா?"ன்னு கேளு. நேத்துத் தொடங்குன கோர்ஸுக்கு அது இருக்காது. முதல் செட்டுப் பிள்ளைகளை வச்சுத்தான் அவங்களே பாடம் படிப்பாங்க. இணைப்புக் கல்லூரி ஒவ்வொண்ணுலயும் பரீட்சையில எத்தனை பேரு பாஸுன்னு அண்ணா பல்கலைக்கழகமே சதவீதம் போட்டு வெளியிடுது. ஃபிளெக்ஸுல அது மட்டும் இருக்காது. அதைத் தேடி எடுத்துப் பாரு.

பிளேஸ்மெண்ட்டுன்னு இருபது பிள்ளைக போட்டோவைப் போட்டு லட்சம் லட்சமா எழுதியிருப்பான். அதுல பயோ படிச்சது எத்தனை, அந்தப் பயோவுல எத்தனை பேரு பயோ வேலைக்குப் போச்சு, எத்தனை பேரு ஐ.டி. கம்பெனியில உக்காந்து பேங்குக்கு சாஃப்ட்வேர் எழுதுதுன்னு கேளு. ஐ.டி. தப்பில்லை, சோறு போடுது. ஆனா அதுக்குத்தான் போகணும்னா நேரா கம்ப்யூட்டரையே படிச்சிருக்கலாமே, எதுக்கு நடுவுல நாலு வருசம் ஈஸ்ட்டுக்குச் சக்கரை ஊத்திக்கிட்டு? உள்ளதைச் சொல்லணும்னா, இந்தத் துறையில பி.டெக். பாதி தூரம்தான். நல்ல ஆராய்ச்சி வேலைன்னா மேல படிக்கணும். கேட் பரீட்சையில பயோடெக்குக்கு ஒரு தாள் இருக்கு. பயோமெடிக்கலுக்கு 2020-ல இருந்து தனித் தாளே வச்சுட்டாங்க. நாலு வருசத்துக் காசை மட்டும் எண்ணி வைக்காதீங்க, ஆறு வருசத்துக்கு எண்ணி வைங்கன்னு உங்கப்பன்கிட்ட நான் சொல்றேன். நீ சொன்னா கத்துவான்.

எங்க போறதுன்னு கேக்குற. நம்ம ஊருல ஒரு குழப்பம் இருக்கு, வெளியூர்க்காரன் எவனும் இதுல தப்பிச்சது இல்லை. கோட்டையூர்க்காரரு வள்ளல் அழகப்பச் செட்டியாரு பேரு எங்கெங்கயோ இருக்கு. 1944-ல மெட்ராஸுல அவரு அஞ்சு லட்சம் குடுத்து வந்த அழகப்பா டெக்னாலஜி காலேஜு, அதான் ஏ.சி.டெக்., இன்னைக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்குள்ள இருக்கு; இன்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி பி.டெக். அங்கதான். 1952-ல நம்ம காரைக்குடியில தொடங்குன என்ஜினியரிங் காலேஜு வேற. அது சிவில், மெக்கானிக்கல்னு பேரு வாங்குனது. 1985-ல வந்த அழகப்பா பல்கலைக்கழகம் இன்னொண்ணு. அங்க பயோடெக்குல எம்.எஸ்சி., ஆராய்ச்சின்னு நடக்குது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துப் புழு ஒண்ணை வளத்து வச்சு அதுல மூப்பு, கிருமின்னு ஆராய்ச்சி பண்றாங்க. என் மூப்புக்கும் ஒரு வழி கண்டுபிடிங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இது போக சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் அவரு குடுத்தது. 1948 ஜூலையில நேரு வந்து கல்லு நட்டாரு. நம்ம ஊருப் பிள்ளைக மைதானமா நினைச்சுக் கிரிக்கெட் விளையாடுற காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு ஒரு நாளு பொதுசனம் பாக்கத் திறந்து விட்டா போய்ப் பாத்துட்டு வா. அழகப்பாங்கிற பேரைப் பாத்ததும் "வீட்டுக்குப் பக்கம்தான்"னு உங்க ஆயா டிக் அடிச்சுரப் போகுது. நீ படிக்கப் போற ஏ.சி.டெக். கிண்டியில இருக்கு.

அந்த ஆயாவைச் சமாளிக்கிறதும் ஒரு வேலை. பொம்பளப் பிள்ளையைத் தூர அனுப்பக் கூடாதாம். இந்த ஊரு ஆளுக கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போயி, வருசக்கணக்குல வீட்டு மூஞ்சியப் பாக்காம கணக்கு எழுதித்தான் இந்த வீடுகளே எழும்புச்சு. நீ காலையில பல்லவன்ல ஏறுனா மத்தியானம் எழும்பூர். அதுக்கு ஒரு ஒப்பாரி.

மெட்ராஸுல கிண்டி வளாகத்துலயே பயோமெடிக்கல் இருக்கு. ஐ.ஐ.டி.யில பயலாஜிக்கல் என்ஜினியரிங் இருக்கு. அதுக்கு வேற பரீட்சை, வேற தூக்கமின்மை. 2023-ல இருந்து மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேத்து நாலு வருச பி.எஸ். ஒண்ணும் அங்க வச்சிருக்காங்க. கோயமுத்தூர்ல பி.எஸ்.ஜி. டெக்கு, தஞ்சாவூர்ல சாஸ்த்ரான்னு நீளமாப் போகுது. எதையும் நான் நல்லது கெட்டதுன்னு சொல்லப் போறதில்லை. நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு நீ வந்து எனக்குச் சொல்லு. ஒண்ணு மட்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம்னா ஃபீஸு அவன் போடுறது. வீட்டை அடமானம் வச்சு பயோடெக் படிக்காத. மேல படிப்புக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு. கீழ வாங்குன கடனுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. நீ ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிதானே? அப்ப 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்கு உண்டு. 2021-ல இருந்து என்ஜினியரிங்குக்கும் குடுத்து, படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசாங்கமே கட்டுது. புதுமைப்பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய் தனி. உங்கப்பன் இதைக் கேக்காமத்தான் நகைக்கடன் விசாரிச்சுக்கிட்டுத் திரியுறான்.

ஆசை காட்டலாம்னா ஒரே ஒரு கதை. பெங்களூருல கிரண் மசும்தார் ஷா 1978-ல பயோகானை ஆரம்பிச்சப்ப முதல்ல செஞ்ச சரக்கு என்ன தெரியுமா? பப்பாளிப் பாலுல இருந்து எடுக்குற நொதி. உங்க கொல்லையில காக்கா கொத்திப் போடுதே, அதே பப்பாளி. அந்த அம்மா படிச்சது பீரு காய்ச்சுற படிப்பு. இதை உங்க ஆயாகிட்ட மட்டும் சொல்லிறாத.

கடைசியா, விளையாட்டு இல்லாம ஒண்ணு. கவுன்சலிங்குல காலேஜ் வரிசையைப் போடுறப்ப, உனக்கு எது ரொம்ப வேணுமோ அது மேல. கிடைக்குமா கிடைக்காதான்னு பயந்து கீழ தள்ளாத. எத்தனை வேணா போடலாம், ஆனா எழுதுன வரிசையிலதான் குடுப்பான். "உங்களுக்கு எதுக்கு சிரமம், நாங்களே ஃபில் பண்ணித் தர்றோம்"னு சில காலேஜு ஆளுகளும் நெட் சென்டர் தம்பிகளும் வருவாங்க. விட்டா, லிஸ்டுல முதல் இடத்துல அவங்களுக்கு வேண்டிய காலேஜு வந்து உக்காந்துரும். லாக் பண்றதுக்கு முன்னாடி நீயே உக்காந்து, கோடு எண்ணைச் சரி பாத்து, ஒரு தடவை சத்தமா வாசி. பாஸ்வேர்டையும் போனுக்கு வர்ற ஓ.டி.பி.யையும் எந்த ஆளுக்கும் சொல்லாத. எனக்கும் சேத்துத்தான்.